தடத்தில் பழம் வைத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

போன வாரம் ஒரு சாயங்காலம் ஓடைத் தடத்தில் நடந்துபோனேன். முட்டி மடக்க முடியாமல் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். தினமும் கொஞ்சம் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அத்தி மரத்தடியில் ஒரு சீப்பு வாழைப்பழம் கிடந்தது. கிடந்தது என்று சொல்லக்கூடாது. தோலை உரித்து, பாறைமேல் வரிசையாக, சாமிக்குப் படைத்ததுபோல் வைத்திருந்தது. காட்டில் வாழைப்பழம் தன் தோலைத் தானே உரித்துக்கொள்ளாது.

ராத்திரி நடை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர்தான் வைத்தது. வருகிற விருந்தாளிகளுக்கு ஒரு மரநாயையாவது காட்டிவிட வேண்டும் என்று ஆசை. ஆசை நல்லதுதான், காரியம்தான் முட்டாள்தனம். அந்தப் பழம் முழுவதையும் அங்கேயே உட்கார்ந்து நானே தின்றுவிட்டேன். நாட்டுப் பழம், நன்றாக இருந்தது. இன்னொரு தடவை வைத்தால் தின்னமாட்டேன். வைத்தவர் வாயில் திணிப்பேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் காசியம்மா. இந்த ஜவ்வாது மலையில் விருந்தாளிகளை ராத்திரியில் காட்டுக்குள் கூட்டிப்போய்த் தேவாங்கும் ஆந்தையும் காட்டுகிற வேலை ஆரம்பித்த நாளிலிருந்து, முட்டி போகிறவரை, முன்னால் நடந்தவள் நான். அதற்கு முன்னால் நிலத்தில் பரண் கட்டி, ராத்திரி முழுக்கப் பன்றி விரட்டினேன். என் தொண்டை இப்படிப் பெரிதானது அங்கேதான். உங்களிடம் பேசும்போது நான் கத்துகிறேன் என்று நீங்கள் சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும். கத்தவில்லை. அதுதான் என் குரல்.

விருந்தாளிகளை நினைத்துப் பயப்படாதீர்கள். சிறுத்தை எத்தனை மணிக்கு வரும் என்று ஒருவர் என்னிடம் கேட்டார், அது என்னவோ ஆலங்காயம் பஸ் மாதிரி. ஆந்தையைக் காட்டினால், "இது எங்க ஊரு டிரான்ஸ்பார்மர் மேலயே குந்திகினு இருக்குமே" என்றார் இன்னொருவர். அப்படியென்றால் டிரான்ஸ்பார்மரையே போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். குடும்பத்தோடு சென்ட் பூசிக்கொண்டு வந்தவர்களோடு ஒருநாள் போனேன். கொசுவைத் தவிர ஒரு உயிரும் கிட்டே வரவில்லை. கொசுவும் ரொம்ப யோசித்துத்தான் வந்தது.

பாதி ராத்திரிகள் இப்படித்தான் போகும், ஒன்றும் தெரியாது. "இன்னைக்கு ஒண்ணும் இல்லைங்க" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் இல்லாதவர்தான் பழம் வைப்பார். ஏழுமலைக்கும் ஒரு நாள் அந்தத் தைரியம் இல்லாமல் போனது.

உங்கள் தலைமை வழிகாட்டி ஏழுமலையை நீங்கள் எல்லோரும் துப்பட்டா அண்ணன் என்கிறீர்கள். ஏன் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊரே கூப்பிடுகிறது, நீங்களும் கூப்பிடுகிறீர்கள். அவனைக் கேட்டால் சிரித்துக்கொண்டு போய்விடுவான். நான் சொல்கிறேன்.

அப்போது ஏழுமலை எனக்குப் பின்னால் நடக்கிற ஆள். முன்னால் போகிறவள் காட்டைப் பார்க்கவேண்டும், பின்னால் வருகிறவன் ஆட்களைப் பார்க்கவேண்டும். பின்னால் வருகிறவனுக்கு ஒரே வேலை, தலை எண்ணுவது. ஒவ்வொரு வளைவிலும் எண்ணவேண்டும். இதைவிடச் சுலபமான வேலை இந்த மலையில் கிடையாது. அதையும் கெடுத்தான்.

ஒரு நாள் முள்ளம்பன்றி முள் ஒன்று அவன் பாதத்தில் ஏறி உள்ளேயே உடைந்துவிட்டது. வேலூருக்குப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்தான். எடுத்தவள் பவித்ரா என்கிற நர்ஸ். காயம் நன்றாக ஆறிய பிறகும் கட்டு மாற்ற வேண்டும் என்று வேலூருக்குப் போய்க்கொண்டே இருந்தான். கடைசியில் எந்தக் காலில் முள் ஏறியது என்றே அவனுக்கு மறந்துபோய், மாற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

பவித்ராவின் அப்பா தனகோட்டிக்கு ஒடுகத்தூரில் மளிகைக் கடை. மகள் விஷயத்தைச் சொன்னதும் அவர் கத்தியது கடைத்தெரு முழுக்கக் கேட்டதாம்.

"ராத்திரில காட்டுல சுத்தறவனுக்கா பொண்ணு குடுக்கறது? ராத்திரி காட்டுக்குப் போறவன் இன்னா பண்ணுவான்? மரம் வெட்டுவான், இல்ல முயல் அடிப்பான்!"

"நானும்தான் நைட் டூட்டி போறேன் நைனா. நான் இன்னா வெட்டறேன்?" என்று கேட்டிருக்கிறாள் மகள்.

அதற்கு அவர் ஒரு நிபந்தனை போட்டார். அவன் வேலையை நேரில் வந்து பார்ப்பார். பார்த்துவிட்டு மறுநாள் கடையைத் திறக்கும்போது ஒரு வார்த்தை சொல்வார், சரி அல்லது இல்லை. அதற்குமேல் வீட்டில் யாரும் பேசக்கூடாது. பவித்ரா ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டதை ஏழுமலையிடம் போனில் சொன்னாள். அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

பலாப்பழம் முடிகிற பருவம். நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, முற்றியிருந்த நேரம். ஒரு சனிக்கிழமை குடும்பமாக வந்து இறங்கினார்கள். தனகோட்டி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் ஒரு டார்ச் லைட், கல்யாண மண்டபத்துக்கே வெளிச்சம் போடலாம். அவர் மனைவி சரோஜா அம்மா கையில் ஒரு எலுமிச்சம்பழம், இடுப்பில் வேப்பிலைக் கொத்து, தோளில் ஒரு பை நிறைய முறுக்கு. பவித்ரா சுடிதார் போட்டு, ஜிகினா வைத்த ஊதாத் துப்பட்டா போட்டிருந்தாள். காட்டில் பளபளப்பு ஆகாது என்றேன். உடனே மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

"வாங்க மாமா" என்றான் ஏழுமலை.

"இன்னும் மாமா ஆவல. ஐயான்னு கூப்டு."

"சரிங்க ஐயா."

டார்ச்சை நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். சிவப்புக் காகிதம் சுற்றிய எங்கள் டார்ச் போதும், வெள்ளை வெளிச்சம் பட்டால் பிராணிகளுக்குக் கண் கூசும் என்றேன். "எங்க கடையில இருட்டுல சாமான் வித்தா யாராவது வாங்குவாங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு காட்டெலி குறுக்கே ஓடியது.

"இதானா? எங்க குடோன்ல இத்த விட பெருசு கீது. அதுங்களுக்கு யாரும் டிக்கெட் போடறதில்ல."

அடுத்து ஒரு தவளை. "இது எங்க பாத்ரூம்லயே வருமே" என்றார் சரோஜா அம்மா. பிறகு ஒரு பக்கிக் குருவி, காய்ந்த இலை மாதிரியே தரையில் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு காட்டியும் தனகோட்டிக்குத் தெரியவில்லை. "இலையக் காட்டி குருவின்றாங்க. அரிசில கல்லக் கலந்து விக்கறவன் கூட இப்படிப் பண்ணமாட்டான்" என்றார். நடுநடுவே முறுக்கு கடிக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு யானை இருந்தாலும் ஓடிப்போயிருக்கும்.

பின்னால் வந்த ஏழுமலை வியர்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைப் பதற்றம் என்று நினைத்தேன். அதுமட்டும் இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

ஓடையைத் தாண்டியதும் எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. புங்க மரத்துக் கிளையில் இரண்டு சிவப்புக் கண்கள். தேவாங்கு. நான் கையைத் தூக்கினேன், எல்லோரும் நின்றார்கள். அது கிளையில் ஒரு கையை எடுத்து வைத்து, யோசித்து, இன்னொரு கையை எடுத்து வைத்தது. பவித்ரா மூச்சுகூட விடவில்லை.

"தூங்கற பேஷண்டைத் தாண்டி நாங்க நடக்கற மாதிரியே நடக்குது அக்கா" என்று என் காதில் சொன்னாள்.

எத்தனையோ பேருக்குத் தேவாங்கைக் காட்டியிருக்கிறேன். பொம்மை மாதிரி இருக்கு, குரங்கு மாதிரி இருக்கு என்பார்கள். அது ஒரு வேலைக்குப் போகிறது, சத்தமில்லாமல் போகிறது என்று பார்த்தவள் இவள் ஒருத்திதான். நான் தேவாங்கைப் பார்த்தேன். பவித்ரா தேவாங்கைப் பார்த்தாள். தலை எண்ணவேண்டிய ஏழுமலை பவித்ராவைப் பார்த்தான்.

"ஆமா, அவரு எங்க?" என்றார் சரோஜா அம்மா.

திரும்பிப் பார்த்தால் தனகோட்டி இல்லை.

காட்டில் ஆள் காணாமல் போனால் முதலில் கத்தக்கூடாது. முதலில் நில்லுங்கள், கேளுங்கள், பிறகு மோந்து பாருங்கள். நான் மோந்து பார்த்தேன். காற்றில் பலாப்பழ வாசனை. பழுத்து, பிளந்து, தேன் வழிகிற வாசனை. அந்தத் தடத்தில் பலாமரமே கிடையாது.

டார்ச்சை ஏழுமலை முகத்தில் அடித்தேன்.

"இன்னாடா பண்ணி வெச்ச?"

"ஒரே ஒரு பழம்தான் அக்கா. மூங்கில் வளைவுல. மரநாய் வந்தா காட்டலாம்னு. மாமா எதையும் பார்க்காமப் போய்ட்டா இன்னா சொல்வாரோன்னு..."

"ஐயான்னு சொல்லு. இன்னும் மாமா ஆவல" என்றேன். அந்தக் கோபத்தில் எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

மூங்கில் வளைவுக்குப் போனோம். தனகோட்டி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செல்போன் வெளிச்சம். எதிரே ஏழுமலை பிளந்து வைத்த பலாப்பழம். பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தவர் மாதிரி நிதானமாகச் சுளை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையில் இருந்த சுளைகளை வேட்டி மடிக்குள் தள்ளி மூடினார்.

"நைனா! சுகர் எவ்ளோ கீதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"நான் தின்னலம்மா. யாரோ உட்டுட்டுப் பூட்டாங்க. வீணாப் போவுதேன்னு எடுத்து வெக்கறேன்."

"மீசைல இன்னா?"

"அது... வாசன பார்த்தேன்."

அந்த மனிதர் காட்டுக்கோ இருட்டுக்கோ பயப்படவில்லை. அவர் பயந்தது மகளுக்குத்தான். அவள் பேசப் பேச மடியை இறுக்கிக்கொண்டே போனார். அப்போது சப், சப் என்று உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"உறிஞ்சறத நிறுத்துங்க கடைக்காரரே" என்றேன்.

"நான் நிறுத்திட்டேம்மா."

சத்தம் நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் மூங்கில் புதரில் இருந்து வந்தது. டார்ச்சைத் தூக்கினேன். கறுப்பாக ஒரு பெரிய மூட்டை. மூட்டையின் முன்னால் வெளுத்த மூக்கு. கரடி. அந்த மூக்கு காற்றை உறிஞ்சிக்கொண்டு கடைக்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். மற்றதெல்லாம் சிரித்துவிட்டுப் போங்கள்.

ஏழுமலை உடனே குனிந்து ஒரு கல்லை எடுத்தான். மாமனார் முன்னால் வீரம் காட்டவேண்டுமே. எனக்கும் தொண்டையில் பன்றி விரட்டுகிற கூச்சல் ஏறி வந்துவிட்டது. அதை விழுங்கினேன். தூரத்தில் இருக்கிற கரடி கூச்சலுக்கு ஓடும். ஆளின் முதுகுக்குப் பக்கத்தில் இருக்கிற கரடி திடுக்கிட்டால் பின்னால் ஓடாது, முன்னால் பாயும். அதற்குக் கண் மட்டம், மூக்குதான் எல்லாம். அதற்கு எங்கள் மேல் கோபம் இல்லை. அதற்கு வேண்டியது பழம். பழத்தின் வாசனை இப்போது தரையில் மட்டும் இல்லை, கடைக்காரரின் மடியிலும் இருக்கிறது.

"கல்லக் கீழ போடு. யாரும் ஓடக்கூடாது. கடைக்காரரே, மெதுவா எழுந்து எங்ககிட்ட வாங்க. திரும்பிப் பார்க்காதீங்க. வேட்டிய அவுத்து அங்கயே போட்டுட்டு வாங்க."

"இன்னாது?"

"வேட்டி பூரா பழம். பால் ஒட்டினா கொட்டினாலும் வாசன போவாது. வேட்டியோட உட்டுட்டு வாங்க."

"பொம்பளைங்க கீறீங்களேம்மா!"

"முப்பது வருஷமா தொவைக்கறவ நான். எனக்குத் தெரியாத டிராயரா?" என்றார் சரோஜா அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. "அவுருங்க ஜல்தி!"

அந்த நேரம் பார்த்து அவர் முடிச்சைத் தேடினார். வேட்டியில் முடிச்சு கிடையாது, பெல்ட் போட்டிருந்தார். பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், கழலவில்லை. பின்னால் மூங்கில் மடமடவென்று ஒடிந்தது. அப்போதுதான் அவருக்கு நிலைமை புரிந்தது. அதற்குப் பிறகு பெல்ட் எப்படிக் கழன்றது என்று யாருக்கும் தெரியாது. வேட்டி, அதற்குள் சுளை, கூடவே சட்டைப்பையில் பதுக்கி வைத்திருந்த இரண்டு சுளையும் கீழே விழுந்தன. கோடு போட்ட டிராயரோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் பிரகாரம் சுற்றுகிறவர் மாதிரி எங்கள் பக்கம் நடந்து வந்தார்.

கரடி வெளியே வந்தது. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. வேட்டியை இரண்டு கையாலும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. கடைக்காரர் உட்கார்ந்த அதே இடம், கிட்டத்தட்ட அதே மாதிரி. நாங்கள் முகத்தை அதன் பக்கம் வைத்தே, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்வாங்கினோம். துணி கிழிகிற சத்தம் மட்டும் ரொம்ப தூரம் எங்களோடு வந்தது.

"பொங்கலுக்கு எடுத்த வேட்டி" என்றார் தனகோட்டி.

ஓடையில் கை, வாய், மீசை எல்லாம் கழுவ வைத்தேன். பவித்ரா கைப்பையைத் திறந்து துப்பட்டாவை எடுத்துக் கொடுத்தாள். அவர் இடுப்பு அளவுக்கு அது போதவில்லை. முன்னால் கட்டினால் பின்னால் இல்லை. சரோஜா அம்மா வேப்பிலைக் கொத்தை நீட்டினார், அவர் வாங்கவில்லை.

கரடி பின்னால் வரலாம் என்பதால் தடத்தை விட்டு வேறு வழியாகத் திரும்பவேண்டும். வேறு வழி என்றால் மல்லாட்டை நிலத்து ஓரம். அங்கே ஒவ்வொரு நிலத்திலும் பரண், பரணில் ஆள். உங்களுக்குத் தெரியும், ராத்திரியில் நிலத்து ஓரம் நடக்கிறவன் பரணில் இருந்து கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். நீ யார், எங்கிருந்து வருகிறாய், உன்னிடம் என்ன இருக்கிறது. சொல்லாவிட்டால் பன்றி என்றோ திருடன் என்றோ நினைத்துக் கவணில் கல் வரும். சொன்னால், முதல் பரண்காரன் அதை அடுத்த பரணுக்குக் கத்துவான், அவன் அதற்கடுத்த பரணுக்கு. மூன்று கேள்விகளில் மலை முழுக்க யார் நடக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பரணில் சொன்ன சொல்லை மறுநாள் மாற்றுவது இங்கே வழக்கம் இல்லை. மாற்றினால் அதற்குப் பிறகு அந்த ஆளின் குரலுக்கு மரியாதை கிடையாது.

இதை நான் சொன்னதும் தனகோட்டி அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த மலையில பாதி ஜனம் என் கடைக்குத்தான் வருது. நாளைக்கு நான் எப்படிம்மா கல்லாவுல குந்துவேன்? விடியற வரைக்கும் இங்கயே இருந்துடறேன்."

"கரடியோடவா?" என்றேன். நடந்தார்.

முதல் பரணைத் தாண்டும்போதே குரல் வந்தது.

"ஓய்! யாரது? எங்கேர்ந்து வர்ற? கைல இன்னா?"

கூடவே டார்ச் வெளிச்சம். எங்கள் கூட்டத்தில் அது தேடிப் பிடித்தது அந்த ஜிகினாவைத்தான். இருட்டில் மாரியம்மன் தேர் மாதிரி மின்னியது.

"பளபளன்னு இன்னாது அது? பேசறியா, கல்ல உடட்டுமா?"

தனகோட்டி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். ஒரு கல் எங்கள் தலைக்கு மேலே உய்யென்று போனது. அது எச்சரிக்கைக் கல், அடுத்தது கீழே வரும். நான்தான் பதில் சொல்லவேண்டும். என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் பையனின் கல்யாணம் அங்கேயே முடிந்தது. தன் மானத்தை மலை முழுக்கக் கப்பலேற்றியவன் வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்?

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை முன்னால் வந்து, கடைக்காரரை மறைத்து நின்று, கைகளை வாயருகே குவித்தான்.

"நான்தான், ஏழுமலை! ஓடைத் தடத்துலேர்ந்து வர்றேன்! துப்பட்டா கட்டிகினு வர்றேன்!"

பரண்காரன் எழுந்து நின்றான்.

"இன்னாத்த கட்டிகினு?"

"துப்பட்டா!"

"பேன்ட்டு எங்கடா?"

"கரடி எடுத்துகிச்சி!"

பேன்ட் அவன் காலில்தான் இருந்தது. ஆனால் அந்தத் தூரத்தில் பரணுக்கு அது எங்கே தெரியும்? மேலே இருந்தவன் சிரித்த சிரிப்பில் பரண் ஆடியது. சிரித்து முடித்து அடுத்த பரணுக்குக் கத்தினான்.

"ஏழுமலை வர்றான்! பேன்ட்டு இல்ல! துப்பட்டா கட்டிகினு வர்றான்!"

அது அடுத்த பரணுக்குப் போனது. அங்கிருந்து மேட்டுக்குப் போனது. மேட்டிலிருந்து அந்தப் பக்கத்துச் சரிவுக்குப் போகும்போது, கரடியே அவனுக்குத் துப்பட்டா கட்டி அனுப்பிவிட்டது என்று ஆகியிருந்தது. தகர டப்பாவைத் தட்டிச் சிரித்தார்கள். நாய்கள் குரைத்தன. ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுடைய பெயர் மலை தாண்டிப் போவது அவன் காதிலேயே விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெயர் இனி எந்தக் காலத்திலும் திரும்பாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பவித்ரா அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

பரண்காரன் விடவில்லை. "சரி, கூட யாரு? அந்தக் குண்டு ஆளு யாரு?"

"விருந்தாளிங்க" என்றான் ஏழுமலை.

"யாரு வூட்டு ஆளு? பேரு சொல்லு!"

வெளியூர் ஆள் என்றால் யாருடைய ஆள் என்று சொல்லியாக வேண்டும். ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் கடைக்காரரைப் பார்த்தேன். கடைக்காரர் துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார். அரிசி விலையைத் தெருக்கோடி வரைக்கும் கூவிப் பழகிய தொண்டை அது.

"ஒடுகத்தூரு தனகோட்டி! மளிகைக் கடை! ஏழுமலையோட மாமனாரு!"

பரணில் சிரிப்பு நின்றது. பிறகு அதே குரல், இப்போது மரியாதையாக, இருட்டுக்குள் கத்தியது. "ஏழுமலையோட மாமனாருங்க வர்றாரு!" அடுத்த பரண் வாங்கியது. மேடு வாங்கியது. சரிவு வாங்கியது. மாமனாரு, மாமனாரு என்று மலை நெடுகக் கேட்டது.

"இன்னாங்க இது?" என்றார் சரோஜா அம்மா. "நாளைக்குக் கடைய தொறந்து யோசிச்சி சொல்றேன்னீங்க?"

"கல்லு வந்துகினு கீது, இப்ப குந்தி யோசிக்கச் சொல்றியா?"

"தட்டு கூட மாத்தலயே!"

"கத்தினது கத்தினதுதான் நைனா" என்றாள் பவித்ரா. "மாத்தினா உங்க குரலுக்கு மரியாத இல்லயாம். அக்கா சொன்னாங்க." அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு ஏழுமலையைப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் நைட் டூட்டி. பகல்ல ஒண்ணா தூங்கலாம்" என்றாள்.

"நான் இங்கதான் கீறேன்" என்றார் தனகோட்டி.

"வாங்க ஐயா, போலாம்" என்றான் ஏழுமலை.

"இன்னா ஐயா? மலையே மாமனாருன்னு கத்துது. மாமான்னு கூப்டு."

காலையில் விடியும்போதே ஏழுமலை அம்மாவிடம் துக்கம் விசாரிக்கவும் சந்தோஷம் சொல்லவும் ஒரே நேரத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். பேன்ட் போனதற்குத் துக்கம், மருமகள் வருவதற்குச் சந்தோஷம். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. ஒடுகத்தூரில் தனகோட்டி இன்றைக்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். கரடி மருமகன்மேல் பாய வந்ததாம், இவர் வேட்டியை அவிழ்த்து அதன் தலையில் போட்டுப் பிடித்தாராம். ஏழுமலை பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டுவான். அடிவாரத்தில் மாமனார் வீரர், மலைமேல் மருமகன் துப்பட்டா. அந்தக் குடும்பத்துக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

உங்களில் யாராவது ஒரு அதிமேதாவி, பழம் வைத்ததால்தானே கல்யாணம் நடந்தது என்று கேட்பீர்கள். இல்லை. பழம் வைத்ததால் கரடி வந்தது. கல்யாணம் நடந்தது, கல் பறக்கும்போது ஏழுமலை இன்னொருவருக்கு முன்னால் போய் நின்றதால். இரண்டையும் குழப்பாதீர்கள். பழத்தின் கதை அந்த ராத்திரியோடு முடியவும் இல்லை. மனுஷ வாசனை அடிக்கிற இடத்தில் பலாப்பழம் கிடைக்கும் என்று அந்தக் கரடி அன்றைக்குக் கற்றுக்கொண்டது. அந்தத் தடத்தைப் பருவம் முழுக்க மூடிவைத்தோம். ஒரு நாள் அது என் வீட்டுக் கதவைப் பெயர்த்து, பலாக்கொட்டைக் குழம்பைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு போனது. நான் நிலத்தில் இருந்தேன். உள்ளே இருந்திருந்தால் இதை உங்களுக்கு வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். புதுச் சட்டி அது.

ஒன்றும் தெரியாத ராத்திரியில் ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தால் தலையை எண்ணுங்கள், எவ்வளவு அழகான தலையாக இருந்தாலும் ஒன்றிலேயே நின்றுவிடாதீர்கள். கரடி பக்கத்தில் இருந்தால் வீரத்தைக் கீழே போட்டுவிட்டு, அதற்கு என்ன வேண்டும் என்று யோசியுங்கள். கொடுக்கக்கூடியதாக இருந்தால் கொடுத்துவிடுங்கள், வேட்டியானாலும் சரி.

இப்போது வாழைப்பழம் வைத்த தம்பிக்கு. ஆமாம், நீ யார் என்று எனக்குத் தெரியும். பாறைமேல் உன் செருப்பு வார் கிடந்தது. சாயங்காலம் தினமும் நான் அந்த அத்தி மரத்தடிக்கு வருவேன், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். இன்னொரு தடவை அங்கே பழத்தைப் பார்த்தால், உன் பேன்ட்டை அந்தப் பாறைமேலேயே மடித்து வைத்துவிட்டு, இருட்டினபிறகு பரண்கள் வழியாகத்தான் நீ வீட்டுக்குப் போகவேண்டும். யார், எங்கிருந்து, கையில் என்ன என்று கேட்பார்கள். உனக்கு முன்னால் வந்து நின்று பதில் சொல்ல ஏழுமலை வரமாட்டான். நான் அவனை வரவிடமாட்டேன்.